ஒருத்தரையும் விடாதை

கலந்தர் நானா அந்தத் தண்ணீரைக் குடிக்கவில்லை. வீட்டுக்காரி நீட்டிய செம்பை இரண்டு கையாலும் வாங்கி, வெளிச்சத்துக்குப் பிடித்துப் பார்த்து, ஒருதரம் மணந்துவிட்டுக் கிணற்றுக்கட்டில் பக்குவமாக வைத்தார். பிறகு சேட் பையிலிருந்து விரல் நீளப் போத்தல் ஒன்றை எடுத்து, அந்தச் செம்புத் தண்ணீரை அதற்குள் நிரப்பி, மூடியை இறுக்கி, இடுப்பில் கட்டியிருந்த சீலைப் பட்டிக்குள் செருகிக்கொண்டார். "நாளைக்கு வாறன்" என்றார்.

வீட்டுக்காரியின் முகம் கறுத்தது. முரசுமோட்டையிலும் கண்டாவளையிலும் வெள்ளம் வடிந்த ஒவ்வொரு தையிலும் குறைந்தது பத்து வீடுகளிலாவது இப்படி ஒரு முகம் கறுக்கும். முஸ்லிம் மனிசன், எங்கட வீட்டில் பச்சைத்தண்ணிகூட வாயில் வைக்கவில்லை என்று அயலில் கதை போகும். அவரோடு வேலைக்கு வந்து பின்னால் நிற்கும் சுமித்திராதான் விளக்கம் சொல்லவேண்டும். "அக்கா, அவர் தன்ர வீட்டுத் தண்ணியையும் உப்பிடித்தான் பார்க்கிறவர்."

போத்தலுக்குள் ஒரு மருந்துத் தாள் இருக்கும். தண்ணீரில் அழுக்குக் கிருமி இருந்தால் ஒன்றிரண்டு நாளில் அது கரியாகக் கறுத்துவிடும். ஆனால் சூடு வேண்டும். அதற்கென்று ஒரு மின்சாரப் பெட்டி அவர் சேர்ந்திருந்த தொண்டர் குழுவிடம் இருந்தது. வெள்ளம் வடிந்த ஊரில் மின்சாரத்துக்கு எங்கே போவது? கலந்தர் தன் உடம்புச் சூட்டையே கொடுத்தார். ஒரே நேரத்தில் பதினைந்து போத்தல்களை இடுப்பைச் சுற்றிக் கட்டிக்கொண்டு மோட்டார் சைக்கிள் ஓடினார், தொழுதார், இரவில் மல்லாந்தே படுத்தார். "என்னோட படுக்கிறது மனிசன் இல்லை, பதினைஞ்சு கிணறு" என்று அவருடைய மனைவி உம்மு ஹானி சொல்லுவா.

அடுத்த நாள் சொன்னபடி வருவார். போத்தல் கறுக்காவிட்டால் வீட்டுக்காரியைக் கூப்பிட்டு, அதே செம்பில் தண்ணீர் கேட்டு, அவள் பார்த்திருக்க முழுவதையும் குடித்து முடித்துத் தாடியைத் துடைப்பார். கறுத்திருந்தால் சாறத்தை மடித்துக் கட்டிக்கொண்டு வேலையில் இறங்குவார். இறைப்பு, சேறு வாரல், சுவர் உரஞ்சல், குளோரின். அந்தக் கிணறு சுத்தமாகும்வரை அந்த வீட்டை விட்டு நகரமாட்டார்.

அவருக்குப் பட்டம் கிடையாது. முல்லைத்தீவில் சைக்கிளும் தண்ணீர்ப் பம்பும் திருத்தும் ஒரு சிறிய கடை வைத்திருந்தார். கிழமையில் மூன்று நாள் கடையைப் பூட்டிவிட்டுக் கிளிநொச்சிப் பக்கம் வந்து, தொண்டர் பொறியியலாளர் குழு ஒன்றோடு சம்பளமில்லாமல் வேலை செய்தார். தொண்ணூறாம் ஆண்டு வடக்கிலிருந்து முஸ்லிம்கள் வெளியேற்றப்பட்டபோது அவருக்கு இருபத்திரண்டு வயது. புத்தளத்தில் ஓலைக் கொட்டிலில் இருபது வருடம் இருந்து, அங்கேதான் குழாய்க் கிணறு தோண்டப் பழகினார். மூத்த மகளை ஒன்றரை வயதில் வயிற்றோட்டத்துக்குக் கொடுத்ததும் அங்கேதான். அதைப் பற்றி அவர் ஒரேயொரு தடவை சுமித்திராவிடம் பேசினார். "அந்தத் தண்ணி கண்ணாடி மாதிரி இருந்தது, தங்கச்சி."

சனி, ஞாயிறுகளில் பல்கலைக்கழகம் முடித்த இளம் எஞ்சினியர்மார் வருவார்கள். அவர்களுக்கு அவர் பாடம் எடுத்ததில்லை. பழுதான கைப்பம்பு ஒன்றின் முன்னால் அவர்களை விட்டுவிட்டுத் தேத்தண்ணிக் கடைக்குப் போய்விடுவார். ஒரு மணித்தியாலம் கழித்து வந்து, கையெல்லாம் கிறீசோடு நிற்கிறவர்களைப் பார்த்து, "கிணறு எங்கையும் ஓடாது. ஆறுதலாச் செய்யுங்கோ" என்பார். கெதியில் முடித்தவனை அவர் மெச்சியதில்லை. கழற்றிய ஆணிகளை ஒழுங்காக அடுக்கி வைத்தவனின் தோளில்தான் தட்டுவார்.

சுமித்திரா எஞ்சினியர் இல்லை. எழுபத்தேழுக் கலவரத்துக்குப் பிறகு மலைநாட்டுத் தேயிலைத் தோட்டம் ஒன்றை விட்டு வன்னிக்கு வந்த குடும்பத்தில் பிறந்தவள். புருஷன் இரண்டாயிரத்து ஒன்பதில் காணாமல் போனான். அவள் இருந்த குடியேற்றத்தின் ஒரே கைப்பம்பு ஒருநாள் இறுகிவிட, பெண்கள் குடத்தோடு வரிசையில் நிற்க, அவள் ஒரு கருங்கல்லால் அதன் தலையில் அடித்துக்கொண்டிருந்தாள். அந்த வழியால் போன கலந்தர் மோட்டார் சைக்கிளை நிறுத்தி, பையிலிருந்த ஸ்பானரை எடுத்து நீட்டினார். "கல்லால அடிச்சா அது கோவிக்கும். இதால ஒருக்காக் கேட்டுப் பார்." கழற்றியது அவள்தான். அவர் பக்கத்தில் குந்தியிருந்து எந்தப் பக்கம் திருப்புவது என்று மட்டும் சொன்னார். அன்று தொடங்கிப் பத்து வருடம் அவள் அவரோடு வேலை செய்தாள். பிந்திய காலத்தில், புதிதாக வந்த எஞ்சினியர் ஏதாவது கேட்டால், "உவாவைக் கேளுங்கோ" என்று அவளைக் காட்டிவிட்டுப் போய்விடுவார்.

கலந்தர் குரலை உயர்த்துவது ஒரு விஷயத்துக்கு மட்டும். கோடையில் கிணற்று நீர் கீழே போய்விட்டால், மேலே வைத்த இறைப்பு மிசின் தண்ணீரை இழுக்காது. அப்போது தோட்டக்காரர் கிணற்றுக்குள் குறுக்கே பலகை போட்டு மிசினைக் கீழே இறக்கி ஓட்டுவார்கள். அதன் புகை கிணற்றுக்குள்ளேயே தங்கும். புகை கண்ணுக்கு மறைந்தபிறகும் நஞ்சு மறையாது. பழைய ஆட்கள் அரிக்கன் விளக்கைக் கட்டி இறக்கிப் பார்த்து, எரிகிறது, பயமில்லை என்று இறங்குவதுண்டு. கலந்தருக்குக் கண் சிவந்துவிடும். "விளக்கு எரியும். ஆள் அணைஞ்சிடுவான்!"

எல்லாருக்கும் அவர் மனப்பாடமாக்கி வைத்த விதி ஒன்று இருந்தது. கிணற்றுக்குள் ஒருத்தன் மயங்கி விழுந்தால் இரண்டாவது ஆள் இறங்கக் கூடாது. முதலில் காற்றை மாற்றவேண்டும். குழுவிடம் நீளக் குழாய் வைத்த ப்ளோவர் ஒன்று உண்டு. அது வரும்வரை ஒருவரும் கால் வைக்கக் கூடாது. ஒரு பயிற்சியில் இளம் எஞ்சினியர் ஒருத்தி எழும்பிக் கேட்டாள்: "உள்ளுக்குக் கிடக்கிறது எங்கட பிள்ளையெண்டா, நானா?" அவர் கையிலிருந்த கயிற்றைக் கீழே வைத்தார். "அப்பவும்தான்" என்றார்.

இரணைமடுக் குளத்துக்குக் கிழக்கே ஒரு செம்மண் குடியேற்றத்தில் மயில்வாகனம் என்பவரின் மிளகாய்த் தோட்டம் இருந்தது. ஆடி மாதம் அந்தப் பக்கம் போன கலந்தர், மிசின் கிணற்றுக்குள் இறங்கியிருப்பதைக் கண்டு, கிணற்றுக்கட்டில் குந்தி அரை மணித்தியாலம் மன்றாடினார். மயில்வாகனம் மரியாதையான மனிதர். பிளேன்ரீ கொடுத்தார், சொன்னதையெல்லாம் கேட்டார்.

"ஒரு கிழமைக்குத்தான் நானா. ஒரு மழை வரட்டும், மேல எடுத்துவிடுறன்."

"மழை ஐப்பசியில. இப்ப ஆடி, அண்ணை."

"ஓம் ஓம். எடுக்கிறன்."

எடுக்கவில்லை. மிளகாய் காய்க்கும் நேரம். தண்ணீரை நிறுத்தினால் அந்த வருடம் முழுவதும் போய்விடும்.

புரட்டாதி முதல் கிழமை. செவ்வாய்க்கிழமை காலை பத்தரை இருக்கும். அதே குடியேற்றத்தின் முன்பள்ளியில் கலந்தரும் சுமித்திராவும் கூரையிலிருந்து மழைநீர்த் தாங்கிக்குப் பீலி பொருத்திக்கொண்டிருந்தார்கள். மயில்வாகனத்தின் மனைவி நாகேஸ்வரி குழறிக்கொண்டு ஓடி வந்தா. நின்றுபோன மிசினை மறுபடி இயக்க மகன் நிரோஜன் இறங்கினானாம், விழுந்துவிட்டானாம். பார்த்த தகப்பனும் இறங்கிவிட்டாராம்.

"ஆறுதலாச் செய்" என்று ஊருக்கே சொன்ன மனிதர் அன்று ஓடினார். மோட்டார் சைக்கிளில் கிடந்த கயிற்றுச் சுருளை எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டு, வரம்புகளைத் தாண்டி ஓடினார். சுமித்திரா பின்னால் ஓடிக்கொண்டே ப்ளோவருக்குப் போன் எடுத்தாள். அது விசுவமடுப் பக்கம் வேறொரு கிணற்றில் நின்றது. கழற்றி ஏற்றிக்கொண்டு வர முக்கால் மணித்தியாலம் ஆகும் என்றார்கள்.

கிணறு முப்பத்தைந்து அடி. இருபதடியில் பலகை, பலகையில் மிசின். அடியில், முழங்காலளவு தண்ணீரில், நிரோஜன் குப்புறக் கிடந்தான். அவனுக்கு இருபத்தாறு வயது. அவன் அசையவில்லை. மயில்வாகனம் பலகையிலேயே மிசினின் பக்கத்தில் சரிந்து கிடந்தார். அவருடைய வலது கை பலகைக்கு வெளியே தொங்கியது.

கலந்தர் கயிற்றைத் தன் நெஞ்சைச் சுற்றிக் கட்டத் தொடங்கினார். சுமித்திரா அவருடைய கையைப் பிடித்தாள். பத்து வருடத்தில் அவள் அவரைத் தொட்டது அதுதான் முதல்தடவை.

"நானா, இறங்காதீங்கோ. நீங்கள்தானே சொன்னனீங்கள்."

"சொன்னனான்தான்." அவர் கிணற்றுக்குள்ளேயே பார்த்தார். "விரல் அசையுது, தங்கச்சி."

அவளும் பார்த்தாள். அசைந்தது.

"மூச்சைப் பிடிச்சுக்கொண்டு போட்டு வாறன். மூண்டுதரம் இழுத்தா, தூக்குங்கோ." கிணற்றுக்கட்டில் ஒரு காலைப் போட்டபிறகு திரும்பினார். "நான் விழுந்தா ஒருத்தரையும் விடாதை. விளங்குதோ? ஒருத்தரையும்."

சுவரில் பதித்த கம்பிப்படிகளில் அவர் வேகமாக இறங்கினார். சுமித்திரா வாய்விட்டு எண்ணினாள். இருபத்தைந்தில் பலகையை அடைந்தார். நெஞ்சில் கட்டியிருந்த கயிற்றை அவிழ்த்து மயில்வாகனத்தைச் சுற்றிப் போட்டார். நினைவுள்ள மனிதனைக் கட்டலாம், மரத்தைக் கட்டலாம். மயங்கிய உடம்பைக் கட்டுவது அப்படியல்ல. கை ஒருபக்கம் வழுகியது, தலை ஒருபக்கம் சரிந்தது, கயிறு அக்குளுக்குள் நிற்காமல் மேலே ஏறியது. மறுபடி போட்டார். எழுபதில் அவருடைய தோள்கள் ஒருதரம் உயர்ந்து இறங்கின. மூச்சை எடுத்துவிட்டார் என்று சுமித்திராவுக்குத் தெரிந்தது. அவள் எண்ணுவதை நிறுத்திவிட்டாள்.

கயிறு மூன்று தரம் அசைந்தது. மேலே கூடியிருந்த ஆறேழு ஆண்கள் இழுத்தார்கள். மயில்வாகனம் சுவரில் உரஞ்சி உரஞ்சி மேலே வந்தார். கட்டை அவிழ்த்துக் கயிற்றைத் திரும்ப எறிய ஒரு நிமிஷம் போயிருக்கும். கயிறு கலந்தரின் தோளில்தான் போய் விழுந்தது. அவர் அதைப் பார்த்தார். ஒரு கையை உயர்த்தி அதைத் தொட்டார். பிறகு, வேலைக்களை தீரக் கொஞ்சம் இருந்துவிட்டு எழும்புவோம் என்பதுபோலச் சுவரில் முதுகைச் சாய்த்துப் பலகையில் இருந்தார். தலை மெல்லச் சரிந்தது.

"நானா!" என்று சுமித்திரா கத்தியது அடுத்த தோட்டம் வரைக்கும் கேட்டதாம்.

நிரோஜனின் மாமன் ஒருவர் சேட்டைக் கழற்றிக்கொண்டு கிணற்றுக்கட்டில் ஏறினார். அவருக்குப் பின்னால் இன்னும் இரண்டு பேர். கிணற்றடியில் கிடந்த இரும்பு அலவாங்கைத் தூக்கிக்கொண்டு சுமித்திரா படிக்கு முன்னால் போய் நின்றாள்.

"இறங்கேலாது."

"என்ர மருமகன் கிடக்கிறான். தள்ளு!"

"காலை வைச்சா முறிப்பன். சத்தியமா முறிப்பன்."

"உன்ர ஆள்தானே உள்ளுக்க கிடக்குது? உனக்கு நெஞ்சில ஈரமில்லையோ? தோட்டக்காட்டாள்!"

மலைநாட்டாரை ஏசும் அந்தச் சொல்லுக்கும் அவள் நகரவில்லை. நாகேஸ்வரி வந்து அவளுடைய காலைக் கட்டிப்பிடித்துக்கொண்டு அழுதபோதும் நகரவில்லை. நின்ற இடத்திலிருந்தே வேலை சொன்னாள். வேப்பங்கொப்புகளை வெட்டிக் கட்டாகக் கட்டிக் கயிற்றில் மேலும் கீழும் அடிக்கச் சொன்னாள். வாளி வாளியாகத் தண்ணீரைச் சுவரோரம் தெளிக்கச் சொன்னாள். கொஞ்சம் காற்றாவது மாறும் என்று கலந்தர் சொல்லிக் கொடுத்திருந்தார். மனிதர்கள் திட்டிக்கொண்டே செய்தார்கள். அவள் கீழே பார்க்கவில்லை. பார்த்தால் தானே இறங்கிவிடுவேன் என்று அவளுக்குத் தெரியும்.

ப்ளோவர் வர ஐம்பது நிமிஷம். அது கால் மணித்தியாலம் ஓடியபிறகு அலவாங்கைக் கீழே போட்டுவிட்டு, கயிற்றைத் தன் நெஞ்சில் கட்டிக்கொண்டு அவளே இறங்கினாள். இரண்டு பேரையும் அவள்தான் கட்டி மேலே அனுப்பினாள். கலந்தரைக் கட்டும்போது அவருடைய இடுப்பு இன்னும் சூடாக இருந்தது.

மரண விசாரணையில் டாக்குத்தர் இரண்டு விஷயம் சொன்னார். கயிறு விழுந்தபிறகும் கலந்தருக்குச் சில நிமிஷங்களாவது உயிர் இருந்திருக்கும். அந்த நேரத்தில் யார் இறங்கியிருந்தாலும் அவர்களும் பிரேதமாகத்தான் வந்திருப்பார்கள். ஊர் முதலாவதை மட்டும் எடுத்துக்கொண்டு போனது. சுமித்திராவாலும் அதை விட்டுவிட முடியவில்லை. சில நிமிஷங்கள் என்றால் எத்தனை என்று டாக்குத்தரிடம் கேட்க நினைத்து, கேட்காமல் வந்துவிட்டாள்.

கலந்தரின் மையத்தை அன்றிரவே முல்லைத்தீவுக்குக் கொண்டுபோய் அடக்கினார்கள். மூன்றாம் நாள் சுமித்திரா போனாள். வெள்ளைச் சீலையோடு பாயில் இருந்த உம்மு ஹானி எல்லாவற்றையும் முதலிலிருந்து சொல்லச் சொன்னா. ஒன்றையும் ஒளிக்காமல் சொன்னாள். அலவாங்கையும் சொன்னாள்.

"அவர் தன்ர வாயாலயோ சொன்னார், ஒருத்தரையும் விடாதையெண்டு?"

"ஓம் ராத்தா."

உம்மு ஹானி சீலைத் தலைப்பை முன்னுக்கு இழுத்துக்கொண்டா. "அப்ப நீ அவர் சொன்னதைத்தான் செய்திருக்கிறாய். பிழையில்லை. ஆனா எனக்கு உன்ர முகத்தைப் பார்க்க ஏலாமக் கிடக்கு, புள்ள. நீ இனி வராதை."

சுமித்திரா அதன்பிறகு அங்கே போகவில்லை.

குழு கிளிநொச்சியில் நினைவுக் கூட்டம் வைத்தது. கலந்தர் ஒருநாளும் படத்துக்கு நின்றதில்லை என்பதால் அடையாள அட்டைப் படத்தைப் பெருப்பித்து வைத்திருந்தார்கள். அதற்கு யாரோ மாலையும் போட்டுவிட, உம்மு ஹானியின் தம்பி வந்து தாழ்ந்த குரலில் அதை எடுக்கச் சொன்னார். பேசியவர்கள் தியாகம் என்றார்கள், மாமனிதர் என்றார்கள். கடைசியாகச் சுமித்திராவைப் பேசக் கூப்பிட்டார்கள். அவள் மைக்கைத் தொடாமல் நின்றாள்.

"நானா ஒரு பிழை விட்டவர். நீங்கள் ஒருத்தரும் விடாதீங்கோ."

சொல்லிவிட்டுக் கதிரையில் போய் இருந்தாள். மண்டபத்தில் ஒருவரும் கை தட்டவில்லை. அதற்குப் பிறகு இரண்டு மாதம் அவள் ஸ்பானரைத் தொடவில்லை. வயலில் களை பிடுங்கக் கூலிக்குப் போனாள். மாரியில் கண்டாவளை மறுபடி வெள்ளத்தில் மூழ்கி, கிணறுகள் செம்பாட்டு நிறத்தில் நுரைத்தபோது, குழுவிலிருந்து ஒருவரும் கூப்பிடாமலே வந்து நின்றாள்.

மயில்வாகனம் பதினொரு நாள் பெரியாஸ்பத்திரியில் கிடந்தார். கண் விழித்து வீட்டுக்கு வந்தபோது மகனின் செத்தவீடும் எட்டுச்செலவும் முடிந்திருந்தன. கொள்ளி வைத்தது யாரென்று கேட்டார்; மாமன் என்றார்கள். "என்னை ஏன் தூக்கினவை?" என்று ஒரு மாதம் எல்லாரிடமும் கேட்டுக்கொண்டு திரிந்தார். பிறகு அதையும் நிறுத்திவிட்டார். மிளகாய்த் தோட்டம் காய்ந்து தரிசாகியது. சந்தையில் சுமித்திராவைக் கண்டால் சைக்கிளைத் திருப்பிக்கொண்டு மற்ற ஒழுங்கையால் போவார். அவள் அதைப் பிழையாக எடுக்கவில்லை.

இந்த வருடம் ஆடியில் முரசுமோட்டைப் பள்ளிக்கூட வளவில் புதிய தொண்டர்களுக்குப் பயிற்சி நடந்தது. பதினொரு பேர். பாதிப்பேர் பல்கலைக்கழகத்திலிருந்து நேரே வந்தவர்கள். இப்போது பழக்குவது சுமித்திரா. அவள் மண்ணில் கிணற்றளவுக்கு ஒரு வட்டம் கீறி, கலந்தர் ஒருநாளும் பழக்காத பாடம் ஒன்றைத் தொடங்கினாள். மயங்கிய ஆளைக் கட்டுவது எப்படி? காற்று மாறியபிறகு இறங்குகிறவர் எத்தனை செக்கனில் கட்டவேண்டும்? முதலில் மண்மூட்டையைக் கட்டினார்கள். கெட்டிக்காரப் பெடியன் ஒருவன் பதினெட்டுச் செக்கனில் முடித்துவிட்டுச் சிரித்தான்.

"மண்மூட்டைக்குக் கை இல்லை. தலையும் இல்லை" என்றாள் சுமித்திரா. "ஆராவது ஒருத்தர் கிடவுங்கோ."

ஒருவரை ஒருவர் பார்த்தார்கள். வெயில் சுட்ட மண். வெளுத்த உடுப்பு. பெண்பிள்ளைகள் கூச்சத்தோடு பின்னுக்கு நகர்ந்தார்கள்.

"ஆரும் இல்லையோ?"

மதிலோரம் மரத்துக்குக் கீழே ஒரு சைக்கிள் நின்றது. காலையிலிருந்தே நின்றதாம், சுமித்திரா அப்போதுதான் கண்டாள். அதைப் பிடித்துக்கொண்டிருந்த மனிதர் ஸ்டாண்டைப் போட்டுவிட்டு வந்தார். ஒருவருடைய முகத்தையும் பார்க்கவில்லை. வட்டத்துக்கு வெளியே செருப்பைக் கழற்றிவிட்டு, உள்ளே போய், முழங்காலில் கையூன்றி மெதுவாக இருந்து, பிறகு மண்ணில் நீட்டிக் கிடந்தார்.

சுமித்திரா கயிற்றோடு குனிந்தாள். மயில்வாகனம் கண்களை மூடிக்கொண்டு, கயிறு போக வழிவிட்டு, இரண்டு கைகளையும் உடம்பிலிருந்து கொஞ்சம் விலக்கி வைத்தார்.